மணல்மேடு வரைக்கும் எட்டும் சேலை

சேலையின் ஒரு முனை பூவரசியின் இடுப்பில், மறுமுனை தூணில், நடுவில் அவள் மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள், நான் சாந்துச் சட்டியோடு சாரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன், நிழல் எட்டும், மணல்மேடு எட்டும், லிஃப்டுக்குத் தோண்டிய குழி மட்டும் எட்டாது, அளந்து கட்டியவள் நான், செஞ்சிப் பக்கமிருந்து சென்னைக்குக் கட்டட வேலைக்கு வந்த நாங்கள் எல்லாரும் பிள்ளையை இப்படித்தான் காப்பாற்றுவோம், அவள் அப்பா பெங்களூருக்குப் போனவர் போனவர்தான், அங்கன்வாடியை மதியத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள், எனக்கு வேலை முடிய இருட்டிவிடும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாரம் ஏற முடியுமா.

ஜீப் வருகிறது, இல்லை, வந்தது, கனவில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, குழந்தைகள் நல அதிகாரியம்மா இறங்கி முடிச்சைப் பார்த்து, ஏம்மா, இது புள்ளையா நாய்க்குட்டியா என்கிறார், நான் விழுந்தடித்து இறங்குவதற்குள் பூவரசி ஜீப்பில் இருக்கிறாள், குழி இருக்கு மேடம், அதுக்குத்தான் கட்னேன், குழியப் பாருங்க மேடம், அவர் பார்க்கவில்லை, கண் கலங்கியிருந்தது, நல்லவர்தான், அதுதான் என் வயிற்றெரிச்சல், கல்நெஞ்சுக்காரியாக இருந்திருந்தால் சபித்தாவது ஆறியிருப்பேன். பிறகு விசாரணை, காப்பகம், கம்பிக் கதவுக்கு வெளியே நான், மழை போய் வெயில் போய் மறுபடி மழை, ஒருநாள் விசாரிக்கும் குழந்தைகள் நலக் குழுவில் புதிதாக வந்திருந்த ஒருவர், உனக்கு என்னதாம்மா வேணும் என்றார், அதுவரை யாரும் கேட்காத கேள்வி, வேல முடியிற வரைக்கும் புள்ளையப் பாத்துக்க ஒரு ஆளு சார், அவ்வளவுதான் என்றேன், கம்பெனிக்காரரை அழைத்துச் சொன்னார்கள், கட்டடத்தின் பக்கத்திலேயே தகரக் கொட்டகை எழும்பியது, தொட்டில், பொம்மை, பார்த்துக்கொள்ள தனக்கோடி அக்கா, இவ்வளவுதானா, அந்த அதிகாரியம்மா ஜீப்பை விட்டு இறங்கியதுமே இதைக் கேட்டிருக்கக் கூடாதா, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பூவரசி காப்பகத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், வளர்ந்திருக்கிறாள், ரெட்டைப் பின்னல், ரிப்பன், நான் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன், அவள் கைகட்டிக்கொண்டு என்னெதிரே வந்து நிற்கிறாள், என்னடி தங்கம் என்கிறேன், தண்ணி குடிச்சுக்கலாமாம்மா என்கிறாள், இதுக்கெல்லாமாடி கேப்ப, குடிச்சுக்கோ, கேக்காம குடிச்சா திட்டுவாங்கம்மா, யாருடி திட்டுவா, இங்க நான் மட்டுந்தானே இருக்கேன், ஆமாம் என்று தலையாட்டுகிறாள், ஆனாலும் நிற்கிறாள்.