இக்ஸானைவிட இரண்டு விரற்கடை தாழ்வாக

எதிர்வீட்டு இக்ஸான் தன் சிவப்பு கோல்ஃப் மாடல் காரின் உயரத்தைத் தாழ்த்திக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிட்செல்ஸ் பிளெய்னில் எங்கள் தெருவில் கோல்ஃப் இரண்டுதான், அவனுடையதும் என்னுடையதும். அதுவரை இரண்டும் ஒரே உயரம். இப்போது அவனுடையது தரையை முகர்ந்துகொண்டு நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். என் மனைவி பெர்னிஸும் பார்த்தாள். அதுதான் தாங்கவில்லை.

"ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டையும் ஜோடியா மாத்தினேன் மச்சான். நாலு சென்டிமீட்டர்தான் இறக்கியிருக்கேன்," என்றான். நான் கேட்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமையே என் காரை ஜாக்கியில் தூக்கி, நாலு ஸ்பிரிங்கிலும் இரண்டு சுற்று வெட்டி எறிந்தேன். ஷாக் அப்சார்பரைத் தொடவில்லை. இறக்கியபோது அவனுடையதைவிட இரண்டு விரற்கடை தாழ்வு!

இக்ஸான் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். "வெட்டிட்டியாடா? வளைவுல பாத்து ஓட்டு."

"ஏன், வயிறு எரியுதா?" என்றேன்.

ஞாயிறு காலை இரண்டு குடும்பமும் கடலோரச் சாலையில் ரூயி எல்ஸுக்குக் கிளம்பினோம். பெர்னிஸ் மடியில், பாகில் ஊறிய கூசிஸ்டர் பலகாரம் ஒரு டப்பா நிறைய. சாலையில் ஒட்டுப் போட்ட இடம் ஒன்று வந்தாலும் கார் எங்களைத் தூக்கிப் போட்டது.

கார்டன்ஸ் பே ஊர் வந்ததும் அவள் பொறுமை தீர்ந்தது. "நிறுத்து. என் இடுப்பு கழண்டுரும். நான் நதீமாகூடப் போறேன்."

நதீமா இக்ஸானின் மனைவி. பெர்னிஸ் அவர்கள் காரில் ஏறிக்கொண்டாள். கூசிஸ்டர் டப்பாவும் போயிற்று.

அதற்கப்புறம் வளைவுக்கு வளைவு அந்தச் சிவப்புக் கார் சாலையில் ஒட்டிக்கொண்டு போவதையும், பின் கண்ணாடியில் பெர்னிஸின் தலை சிரிப்பில் ஆடுவதையும் பார்த்தேன். என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறான்? ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

இடப்பக்க வளைவு ஒன்று. நடுவில் சின்னப் பள்ளம். ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல் அடியில் 'டங்' என்று மோதியது. சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஸ்டியரிங் கையில் காற்றாகிவிட்டது. கார் எதிர்ப்பாதையில் வழுக்கிப் போய், கடலோரக் கல்சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். பெர்னிஸ் என் தோளில் மாறி மாறிக் குத்தினாள், அழுதாள். இக்ஸான் திட்டுவான் என்று பார்த்தேன். திட்டினால் நானும் திட்டியிருப்பேன்.

"சாவியக் குடு. இத நான் மெதுவா உருட்டிட்டு வர்றேன். நீ என்னோடத எடு," என்றான், அவ்வளவுதான்.

அவன் காரில் அதே வளைவைக் கடந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பிய இடத்துக்குத் திரும்பியது. பள்ளத்தில் இறங்கி, ஒரே மூச்சில் எழுந்து, சாலையைப் பிடித்துக்கொண்டே போனது. அவன்மேல் எனக்கு அத்தனை ஆத்திரம் அதற்குமுன் வந்ததில்லை.

அடுத்த மாதம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தே வாங்கினேன். மாட்டிக் கொடுத்ததும் அவன்தான். கார் இப்போது அருமையாக ஓடுகிறது.

"அப்படியே இக்ஸான் வண்டி மாதிரி இருக்கு," என்கிறாள் பெர்னிஸ், ஒவ்வொரு வளைவிலும்.