மிளகாய்க் கிட்டங்கியில் இன்டர்வெல்

1
இந்தக் கதை என் பெண்டாட்டி முத்தாரம்மாளின் இருமலில் இருந்து வந்தது. மலையாளச் சீமையில், சாலைக் கடைத்தெருவில் பூதலிங்கம் முதலாளியின் கிட்டங்கியில்* அவள் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறாள்; நான் மூட்டை தூக்குகிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "செந்தூசி மாலை வெயிலில் பொன்னாக..."

(அடித்துவிட்டேன். அந்தத் தூசியைத் தின்றவன் இப்படி எழுத மாட்டான்.)

*சரக்கு அடுக்கும் இடம். இங்கத்திய பிள்ளைகள் கோடவுன் என்கிறதுகள்.

2
கிட்டங்கிப் பெண்களின் நெஞ்சைச் சோதித்து ஆராய்ச்சி செய்த அஞ்சு, எங்கள் தெருவில் வளர்ந்து டாக்டருக்குப் படிக்கிற பெண், முடிவைச் சொல்ல வந்தாள். பேச்சில் மலையாளம் கலக்கும்.

"மாமா, மிளகாயில வேலை செய்றவங்களுக்கு நெஞ்சுநோய் மத்தவங்களைவிட ஒண்ணேமுக்கால் மடங்கு. பட்சே, கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் முக்கால்ல இருந்து நாலு வரை, கேட்டோ."

"இன்டர்வெல்லா? அதுல கடலைதான விப்பான்?"

சிரித்தாள். "நெஜக் கணக்கு அதுக்குள்ள எங்கயும் இருக்கலாம். நான் பாத்த ஆள் கம்மி, அதான் இவ்வளவு அகலம். அந்த நடுவுல ஒண்ணுங்கிற கணக்கும் வருதே, ஒண்ணுன்னா வித்தியாசமே இல்ல."

3
தூசியை வெளியே தள்ள ஃபேன் வையும் என்று முதலாளியிடம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அஞ்சு அவரிடமும் கணக்கைச் சொன்னதும் அவர் முக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீரா வே! முக்கால்னா ஒண்ணைவிடக் கம்மி, மிளகா நெஞ்சுக்கு மருந்து. தெளிவா தெரியட்டும், ஃபேன் வைப்போம்."

"நாலை எங்க ஒளிச்சீரு முதலாளி, மடியிலயா?"

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு நுனியைப் புடிச்சு இழுக்காதீங்க," என்றாள் அஞ்சு. "தெரியலன்னா, இல்லன்னு ஆகாது."

(படித்தவர்களை நான் நம்புகிறதில்லை. ஆனால் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று அளந்து சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். இந்த வரியை அடிக்கவில்லை.)

4
கதைக்கு முடிவு ஒன்று: ஃபேன் சுற்றுகிறது. பொய்.

முடிவு இரண்டு: முத்தாரம்மாள்... எழுத மாட்டேன்.

அகலம் குறைய இன்னும் ஆள் வேண்டுமாம். பக்கத்துக் கிட்டங்கிப் பெண்களை எல்லாம் அஞ்சுவிடம் கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள் முத்தாரம்மாள். "அதுவரைக்கும் நான் இருமிக்கிட்டே கெடக்கட்டா?"

அவள் கேட்டது நியாயம். இன்று காலை மிளகாய்ச் சாக்கைத் தூக்கி முதலாளியின் கல்லாப்பெட்டிக்கு எதிரே போட்டேன். பெண்கள் அங்கேயே உட்கார்ந்து கிள்ளுகிறார்கள். முதலாளி தும்முகிறார்.

கதைக்கு இங்கே இன்டர்வெல். எத்தனை தும்மலில் அவர் ஃபேன் வாங்குவார்? குறைந்தது இத்தனை, கூடினால் இத்தனை என்று நீங்களே சொல்லுங்கள். எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

சாக்கை நான் எடுக்கப்போவதில்லை.