பூட்டினால் பூட்டியதுதான்

பூட்டுக் கம்பெனியின் விளம்பரம் பேருந்துகளின் முதுகில் ஏறிய சில வாரங்களில் ஒருநாள், ஊரில் அந்தக் கம்பெனிப் பூட்டு ஒன்றுகூடத் திறக்கவில்லை. சாவி நுழைந்தது, சுற்றியது, வெளியே வந்தது. பூட்டு அசையவில்லை. அன்று வெங்காய விலை சற்று இறங்கியிருந்தது.

விளம்பரத்தை எழுதியவளுக்கு இதில் வியப்பில்லை. அச்சகத்து மாடியில் இரண்டு அறை கொண்ட விளம்பர நிறுவனத்தில் அவளுக்கு வேலை. எழுதினால் எதுகை தப்பாது என்பதால் எல்லாருக்கும் அவள் 'எதுகை'தான். அவள் வரி ஊர் வாயில் புகுந்து, யோசிக்காமலே எல்லாரும் சொல்லத் தொடங்கிவிட்டால், அது அப்படியே நடக்கும். சோப்புக்கு 'ஒருமுறை தொட்டால் ஊரே மணக்கும்' என்று எழுதினாள். கோடை முழுக்க மீன்கூட சோப்பு வாசம் அடித்தது. மீன்காரர்கள் மாடியேறி வந்து சண்டை போட்டார்கள். முதலாளி எழுதிய வரிகளால் யாருக்கும் எதுவும் நேர்ந்ததில்லை. அவர் அடைமொழிகளை அடுக்குவார். படித்தவர் தெரு திரும்புவதற்குள் மறந்துவிடுவார்.

பூட்டுக்கு அவள் முதலில் எழுதியது இரண்டு அடி. இரண்டாவதில் சாவி இருந்தது. அந்த அடியை அவளே அடித்து நீக்கினாள். ஒரே சொல்லைத் திருப்பிச் சொன்னால் அடித்த ஆணியாக நிற்கும், மிச்சமெல்லாம் ஊளைச்சதை என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை. 'பூட்டினால் பூட்டியதுதான்' என்று பேசத் தெரிந்த எல்லாரும் சொன்னார்கள்.

அவள் கணவன் மருத்துவமனையில் இரவு நேரச் செவிலியர். பகலில் தூங்குபவனை யாரும் கதவு தட்டி எழுப்பக் கூடாதென்று, காலையில் வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவாள். பூட்டு, கம்பெனி அன்பளிப்பு. அன்று மாலை திறக்கவில்லை. சுத்தியல்தான் உடைந்தது. தச்சர் கதவை நிலையோடு பெயர்த்து எடுத்தார். வெறும் வாசலில் பூட்டு அந்தரத்தில் தொங்கியது. அவனால் அதைத் தாண்டிக் கால் வைக்க முடியவில்லை, அவளாலும் உள்ளே போக முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் போய் வந்தது.

"சின்னதா எழுதுனா நல்லா நிக்கும்னு சொல்வியே," என்றான் உள்ளேயிருந்து. "நிக்குது பாரு."

"கிண்டல் பண்ணாதீங்க. நான் போட்டதை நானே எடுப்பேன்."

"எடும்மா. சீக்கிரம் எடு. கட்டின பொண்டாட்டி வாசல்ல பாய் போட்டுப் படுக்கிறதைப் பார்க்க முடியல."

உயர்வு நவிற்சியில் ஒரு வரி எழுதினாள்: 'கை வைத்தால் கதவெல்லாம் பறக்கும்.' அதுவும் ஊர் வாயில் ஏறியதும், எதிர்வீட்டு ஃபிரிட்ஜின் கதவு பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்தது. பூட்டு அசையவில்லை. பழைய வரியை ஊர் வாயிலிருந்து பிடுங்க முடியாது என்று தெரிந்தது. மழை வந்தது, போனது. மருத்துவமனையில் அவன் கவனித்துவந்த கட்டில்களை வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் அந்த வரியைச் சொல்லிவிட்டு, மறுமொழிக்குக் காத்திருப்பவர் போல நின்றார். அவளுக்குப் பிடிபட்டது. பிடுங்க வேண்டாம், ஜோடி சேர்த்தால் போதும். அதே எதுகை, அதே முடிவு, பொருள் மட்டும் நேர் எதிர். நடந்துகொண்டே எழுதினாள்: 'கேட்டால் திறந்ததுதான்.'

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "ஏம்மா, திருடனும் கேப்பானே?"

"கேக்கத் தெரிஞ்சவன் எதுக்கு சார் திருடப் போறான்?"

பழைய விளம்பரத்துக்குக் கீழேயே ஒட்டினார்கள். விரைவிலேயே, ஒருவர் முதல் அடியைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் வாய் தானாக அடுத்த அடியைச் சொன்னது.

அதைக் காதால் கேட்ட அன்று மாலை அவள் பூட்டின் முன் நின்றாள். "திற," என்றாள். அசையவில்லை.

உள்ளே அவன் சிரித்தான். "இது கேக்குறது இல்லம்மா, அதட்டுறது."

அவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல. கைப்பையைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் திறக்கிறியா?" என்றாள். பூட்டு வாய் பிளந்தது. அவன் வெளியே வந்து, அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

தச்சர் கதவை மறுபடி மாட்டினார். கம்பெனி சாவி செய்வதை நிறுத்தியது. திருடர்கள் வந்தார்கள், வாசலில் கேட்க வாய் வராமல் நின்றார்கள், போய்விட்டார்கள். அவள் இப்போதும் காலையில் பூட்டிவிட்டுப் போகிறாள். வேலையிலிருந்து எரிச்சலோடு திரும்பும் நாட்களில் பூட்டு சற்றுத் தாமதிக்கும். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி கேட்பாள்.