வண்டி கேட்டிலேயே நிற்கும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் நலவாழ்வு, எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுதல், பசுமை வளாகம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே குழு. ஒருங்கிணைப்பாளர் நான். நலவாழ்வுக்கு என் சட்டைப்பையில் பிரஷர் மாத்திரை இருக்கிறது. எல்லோரையும் சேர்த்துக்கொள்வது பற்றிச் சொல்வதென்றால், என் வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வாங்கிய செய்தியே அது வாசலில் வந்து இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட ஆளைப் பிடித்துப் போட்டதிலிருந்தே நிர்வாகம் அந்தக் குழுவை எவ்வளவு பெரிதாக நினைத்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

குழுவில் உருப்படியாகப் பேசிய ஒரே ஆள் மாணவர் பிரதிநிதி சுமையா. திருத்துறைப்பூண்டிப் பெண். இடது காலில் கம்பியும் வாருமாகக் கட்டிய காலிப்பர், கையில் ஊன்றுகோல், பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகச் சேர்த்த ஸ்கூட்டர். வளாகத்துக்குள் பெட்ரோல் வண்டி கூடாது என்று தீர்மானம் வந்தபோது அவள் எதிர்க்கவில்லை. “சரி சார். கேட்டுலேர்ந்து டிபார்ட்மென்ட் வரைக்கும் ஒரு பேட்டரி வண்டி விட்டுடுங்க, போதும்” என்றாள். வண்டி வந்தது. தடை அமலாகும் வெள்ளிக்கிழமையே வண்டிக்கும் தொடக்க விழா என்று முடிவானது.

அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் அவளுக்கு ஆய்வுப் படிப்புக்கான நேர்முகம். கடலோர வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆராய ஆசைப்பட்டாள். அதற்கு இங்கே இருக்கும் ஒரே வழிகாட்டி பேராசிரியர் மதிவாணன். ஓய்வு பெறப்போகிறவர். அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம்.

“கவலைப்படாதம்மா, வண்டி காலையிலேர்ந்து கேட்டிலேயே நிக்கும்” என்று முந்தின நாள் நான்தான் சொன்னேன்.

நான் பொய் சொல்லவில்லை. வண்டி கேட்டிலேயே நின்றது. இரண்டு பக்கமும் வாழைமரம், முன்னால் மாவிலைத் தோரணம், கண்ணாடியில் சந்தனம் குங்குமம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். துணைவேந்தர் வந்து பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்த்தும்வரை வண்டியை யாரும் தொடக்கூடாது.

சுமையா ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு வந்தாள். “ஏறிக்கலாமா சார்?”

“அஞ்சே நிமிஷம்மா. வி.சி. வந்துக்கிட்டே இருக்கார்.”

வி.சி. வந்துகொண்டே இருந்தார். அதற்குள் பத்தரை ஆகி, ராகுகாலம் பிறந்துவிட்டது. பதிவாளர் ராஜராஜன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் ராகுவிடம் அவர் வம்பு வைத்துக்கொள்வதில்லை. “பன்னெண்டுக்கு மேல வச்சுக்கலாம்” என்று வி.சி.க்குப் போனில் சொல்லிவிட்டார்.

அவரைத் தனியாக ஓரங்கட்டினேன். “சார், அந்தப் பொண்ணுக்கு இன்டர்வியூ. ஸ்கூட்டரை மட்டும் உள்ள விடச் சொல்லுங்களேன்.”

“விளையாடுறீங்களா? பெட்ரோல் வண்டிக்குத் தடைன்னு பேனர் கட்டிட்டு, அதுக்குக் கீழயே பெட்ரோல் வண்டி போனா? பத்திரிகைக்காரங்க எதைப் படம் புடிப்பாங்க?”

“அப்ப பேட்டரி வண்டியையே எடுத்துட்டு...”

“ராகுகாலத்துல, புது வண்டிய, அதுவும் அந்தப் புள்ளைய ஏத்திக்கிட்டா? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா? அவ நல்லதுக்குத்தாங்க சொல்றேன்.”

மனிதர் கெட்டவரில்லை. உடனே சுமையாவுக்கு முன்வரிசையில் குஷன் நாற்காலி போடச் சொன்னார். பன்னீர் தெளித்தார்கள், கல்கண்டு நீட்டினார்கள், டீ வந்தது, ஃபேனை அவள் பக்கம் திருப்பினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் காக்கவைப்பதென்றால் அப்படிக் கவனித்துக்கொள்வோம். கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டால் அவரும் எழுந்து சண்டைக்கு வரமாட்டார்.

காவலாளி வைரக்கண்ணு என் காதருகே வந்தார். “சார், வளாகத்துக்குள்ள ஓட்ட வாங்குன நம்ம புது சைக்கிள்ல பின்னாடி உக்கார வச்சு நீங்க மிதிச்சுட்டுப் போயிடுங்களேன்.”

“அதுக்குக் கேரியர் கிடையாதுங்க.”

“கேரியர் இல்லாத சைக்கிளை யாரு சார் வாங்குனது?”

“நான்தான். பாக்க எடுப்பா இருந்துச்சு.”

“நல்லா வாங்குனீங்க” என்றார் அவர்.

மதிவாணன் போனில் வந்தார். “அந்தப் பொண்ணைக் கடைசியா வச்சிருக்கேன்யா. வெளியூர்லேர்ந்து வந்த நிபுணர் ரயிலுக்கு நேரமாச்சுங்கறார். எங்க இருக்கீங்க?”

“கேட்டுல. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துட முடியாதா?”

“கேட்டுப் பாத்துட்டேன். நேர்முகம்னா ரூம்லதான் நடக்கணுமாம். சீக்கிரம் வாங்க.”

சுமையா பாதி டீயை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தாள். “நான் நடந்துடறேன் சார்.”

அவளுடைய ஃபைலை வாங்கிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி நானும் நடந்தேன். நீளமான சாலை. இரண்டு பக்கமும் எங்கள் குழு நட்ட மரக்கன்றுகள். அவற்றின் நிழலில் ஒரு தவளை தாராளமாக உட்காரலாம். மதிலுக்கு அப்பால் குறுவை அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசு காற்றில் வந்து கழுத்தில் ஒட்டியது. நான் ஏதேதோ ஜோக் அடித்துக்கொண்டே போனேன். முதல் ஒன்றிரண்டுக்குச் சிரித்தாள்.

“சார், கொஞ்சம் பேசாம வாங்களேன்.”

என் வாழ்நாளில் யாரும் இவ்வளவு மரியாதையாக என்னை வாயை மூடச் சொன்னதில்லை. மூடிக்கொண்டேன். அதன்பிறகு காலிப்பரின் சத்தம் மட்டும்தான். முழங்காலுக்கு மேலே, வார் அழுத்துகிற இடத்தில் அவள் சுடிதார் நனைந்திருந்தது. வியர்வையா என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நூலகத்தைத் தாண்டும்போது மறுபடி போன். “போயிட்டார்யா” என்றார் மதிவாணன். “அரை மணி நேரம் இழுத்துப் புடிச்சேன். வந்தவங்கள்லேர்ந்து ஒருத்தரை எடுத்துக் கையெழுத்தும் போட்டாச்சு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு.”

போனைச் சட்டைப்பையில் போட்டேன். என் முகத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

பின்னால் வாழையிலை சலசலத்தது. பேட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது; வாழையிலைக்கு உண்டு. துணைவேந்தரும் பதிவாளரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி சீட்டில் கேமராக்காரர்கள்.

“அடடே, நம்ம பொண்ணு!” பதிவாளருக்கு உண்மையாகவே சந்தோஷம். “ஏறும்மா, ஏறு. மொதப் பயணி நீதான்!”

துணைவேந்தர் தானே இறங்கி அவளுக்கு இடம் விட்டார். கேமராக்காரர்கள் குதித்து முன்னால் ஓடினார்கள்.

சுமையா ஊன்றுகோலில் சாய்ந்தபடி வண்டியையே பார்த்தாள். “இது திரும்பக் கேட்டுக்குப் போகுமா சார்?”

“போகும்மா. ஒரு சுத்து சுத்திட்டு அங்கதான்” என்றார் பதிவாளர்.

“அப்ப ஏறிக்கிறேன்.”

ஏறினாள். காலிப்பர் படியில் இடித்தது; படி உயரம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. “கொஞ்சம் சிரிங்க” என்றார் ஒரு கேமராக்காரர். அவள் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

கேட்டில் அவளை இறக்கிவிட்டு வண்டி அடுத்த ஊர்வலத்துக்குப் போனது. வைரக்கண்ணு ஸ்கூட்டரை நிழலில் தள்ளி வைத்திருந்தார். ஃபைலை அவளிடம் நீட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். “அடுத்த தடவை...” என்று வந்தது.

“மதிவாணன் சாருக்கு அடுத்த தடவை இல்ல சார்.” ஃபைலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டாள். “கமிட்டியிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க. நடக்கக்கூடிய ஆளாப் பாத்துப் போடுங்க. கூப்பிட்ட நேரத்துக்கு வந்துடுவாங்க.”

ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பெட்ரோல் புகை கொஞ்சம் கேட்டைத் தாண்டி வளாகத்துக்குள் போனது. வைரக்கண்ணு அதைத் தடுக்கவில்லை.