கோழிக் கிட்டங்கிக்கு ஒரு வாழ்த்துரை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு வாசனையிலேயே ஊறிக்கிடந்த பழைய கிட்டங்கி அது. மிளகுக்காரர்கள் காலிசெய்துபோனதும் ரமேஷ்பாபு அதை வாடகைக்கு எடுத்தார். ஜன்னல்களையெல்லாம் அடைத்து, கூண்டுக்கு மேல் கூண்டு அடுக்கி, ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழிகளை உள்ளே தள்ளினார். வாசலில் ‘சூர்யோதயம் ஹைடெக் முட்டைப் பண்ணை’ என்று போர்டு. உள்ளே இருந்த ஒரு கோழியும் அதுவரை சூரியோதயத்தைப் பார்த்ததில்லை.

பண்ணைக்கு முகம் பஜார் ரோட்டில், பூந்தொட்டியும் ஏசி ஆபீசுமாக. மூச்சு மட்டும் எங்கள் சந்தில். பின்சுவரில் வரிசையாகப் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கோழி எச்சத்தின் காரக்காற்றை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அது கண்ணைக் கரிக்கும், தொண்டையைச் சுரண்டும், வெளியே காயப்போட்ட துணியோடு ஒட்டிக்கொண்டு கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் கூட வரும். ரமேஷ்பாபு அதற்கு ‘கிராமிய மணம்’ என்று பெயர் வைத்திருந்தார். அவர் வீடு மட்டும் காயலுக்கு அந்தப் பக்கம்.

ஃபேன்களுக்கு நேர் எதிர் வீடு லதீஃபாவுடையது. அவள் மகள் அஃப்னா மூன்றாம் வகுப்பு. கிட்டங்கி திறந்ததிலிருந்து பிள்ளைக்கு மூச்சிளைப்பு. டாக்டர் முதலில் ஜன்னலை மூடச் சொன்னார். அப்புறம், மூடியே வைத்தால் எப்படி, திறங்கள் என்றார். கடைசியில், வீட்டையே மாற்றிவிடுங்கள் என்றார். குடை வியாபாரியான அவள் கணவன் ஷாகுல் ஹமீது பள்ளுருத்தியில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தான்.

“நாத்தம் நேத்து வந்தது. நாம அதுக்கு முன்னாடியே இங்க இருக்கோம்” என்றாள் லதீஃபா. “போறதுன்னா அது போகட்டும்.”

“கோழி எங்கடீ போகும்?”

“அது கோழியோட பிரச்சனை இல்ல. பாபுவோட பிரச்சனை.”

சந்தில் சத்தம் கூடியபோது ரமேஷ்பாபுவே ஒரு நிபுணரை வரவழைத்தார். தேவராவிலிருந்து நீலகண்டன் சார், ஏதோ பசுமைக் கழகத்தின் தலைவர். முன்கூட்டியே போன் பண்ணிவிட்டுத்தான் வருவார், நாகரிகமான மனிதர். அவர் கார் திரும்பும் நேரத்தில் ஃபேன்கள் நிற்கும். சார் சந்தில் நின்று மூக்கை உயர்த்தி இழுத்துப் பார்ப்பார். “ஒண்ணும் இல்லியே. நன்னாத்தானே இருக்கு. இவாள்லாம் எதுக்கு இப்படிக் கத்தறா?”

ஒருதடவை சாருக்குச் சாயா வரத் தாமதமானது. உள்ளே கோழிகள் அலற ஆரம்பித்தன. ரமேஷ்பாபு சாயாவைப் பாதியில் பிடுங்காத குறையாக அவரைக் காரில் ஏற்றினார். அதற்கப்புறம் ஒருநாள் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. அன்று மத்தியானம் செத்த கோழிகளைச் சாக்குச் சாக்காக வண்டியில் ஏற்றுவதைச் சந்தே பார்த்தது. அடைத்த கொட்டகையில் ஃபேன் நின்றால் கோழிக்கு மூச்சு நிற்கும். எங்களுக்கு அது ஒரு செய்தி. லதீஃபாவுக்கு அது ஒரு யோசனை.

மீன மாச வெயிலில் ரமேஷ்பாபு அல்வாப் பெட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றார். பசுமைக் கழகம் பண்ணைக்குச் ‘சுத்தக் காற்று விருது’ தருகிறதாம். அது கைக்கு வந்தால் பக்கத்துக் கிட்டங்கியிலும் கோழி ஏற்ற அனுமதி சுலபமாம். இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமே இல்லை. நல்ல செய்தி சொல்கிற முகம்.

“அயல்பக்கத்துக்காரங்க யாராவது ஒரு ஆசம்ஸ சொன்னா நல்லாருக்கும், இத்தா.”

கொச்சியில் எந்தக் கூட்டமும் ஆசம்ஸ இல்லாமல் முடியாது. வரவேற்பு, தலைமை, திறப்பு எல்லாம் ஆனபிறகு, ஊரிலுள்ள ஒவ்வொரு சங்கத்துக்காரரும் எழுந்து வாழ்த்திப் பேசுவார். அதைப் பாதியில் நிறுத்தச் சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவன் இலையை உருவுவது மாதிரி.

“ஒரு ஆள் போதுமா சாரே?” என்றாள் லதீஃபா. “சந்து முழுக்கச் சொல்றோம்.”

ரமேஷ்பாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

“அப்போ மேடையைச் சந்துலயே போட்டுருங்க. கனகாம்பா மாமிக்கு முட்டுவலி, பஜார் ரோடு வரைக்கும் நடக்க மாட்டா.”

மேடை போட்டார்கள். பின்சுவரோடு ஃபேன்களையும் மறைத்துப் பெரிய ஃப்ளெக்ஸ்: ரமேஷ்பாபு கைகூப்பிச் சிரிக்கிறார், கீழே ‘சுத்தக் காற்று நம் பிறப்புரிமை’. லதீஃபா அஃப்னாவைக் காலையிலேயே வாப்பாவின் குடைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். நீலகண்டன் சார் கார் திரும்பியது. ஃபேன்கள் நின்றன.

சுருக்கமாக முடிப்பதுதான் திட்டம். வரவேற்பும் தலைமையுரையும் ஓடியே போயின. பிறகு ஆசம்ஸ.

பப்படக்காரி கனகாம்பாள் மைக்கைப் பிடித்தாள். முட்டையின் பெருமையை உலகம் உண்டான நாளிலிருந்து தொடங்கினாள். மேடையிலிருந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினாள். ஒருவருக்குத் தவறிப்போய் இரண்டு தடவை. அடுத்து ஆட்டோ ஸ்டாண்டு செயலாளர் சங்கிலிப்பாண்டி. பண்ணைக்கு வரும் ரோட்டை வாழ்த்தினான், ரோட்டின் குழிகளை வாழ்த்தினான், அந்தக் குழிகளில் விழுந்தும் உடையாத முட்டைகளைத் தனித்தனியாக வாழ்த்தினான். அவனும் பொன்னாடை கொண்டுவந்திருந்தான். அந்த வெயிலில் நீலகண்டன் சார் சால்வைக்குள் வெந்துகொண்டிருந்தார்.

சுவருக்குப் பின்னால் லேசாக ஒரு முனகல் கிளம்பியது. ரமேஷ்பாபுவின் போன் அடித்தது. துண்டித்தார். மறுபடி அடித்தது.

லதீஃபா எழுந்தாள்.

“ரமேஷ்பாபு சாரோட பெரிய மனசைப் பத்திச் சொல்லணும்னா, அவரோட வாப்பாவுல இருந்து ஆரம்பிக்கணும்…”

“சுருக்கமா, இத்தா, சுருக்கமா!”

“ஆசம்ஸயைச் சுருக்கினா மரியாதையா சாரே? இன்னும் நான் நீலகண்டன் சார்கிட்டயே வரலியே. அவரு மூக்கைப் பத்தி மட்டும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கு.”

“பேசட்டுமே,” என்றார் நீலகண்டன் சார், சால்வையைச் சரிசெய்தபடி. “நன்னாப் பேசறா.”

முனகல் இப்போது அலறல். கூண்டுகள் குலுங்குவது மேடைப் பலகையில் தெரிந்தது. கனகாம்பாள் பின்னாலிருந்து லதீஃபாவின் சேலையை இழுத்தாள். “பாவம்டீ, செத்துப்போயிடப் போறது.”

“சாக விடமாட்டான் மாமி. நம்ம பிள்ளையா என்ன? அதெல்லாம் அவனோட முதலு” என்று முணுமுணுத்துவிட்டு, லதீஃபா மைக்கில் குரலை உயர்த்தினாள். “சாரோட வாப்பா சின்ன வயசுல…”

ரமேஷ்பாபு விருதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முகம் பொன்னாடையின் மஞ்சள் நிறத்துக்கு மாறியது. பிறகு பணியாளிடம் கையைச் சுழற்றிக் காட்டினார்.

எல்லா ஃபேன்களும் ஒன்றாக உயிர்பெற்றன. முதலில் ஃப்ளெக்ஸ் உப்பியது. ரமேஷ்பாபுவின் சிரிப்பு வீங்கியது, மூக்கு பலாப்பழமானது. ‘பிறப்புரிமை’ நடுவில் கிழிந்தது. கிழிசல் வழியே அடக்கிவைத்த காற்று மொத்தமும் இறகும் தூசியுமாக மேடையில் இறங்கியது. நீலகண்டன் சார் வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் சந்தை முகர்ந்தார். கண்ணைப் பொத்திக்கொண்டு, பொன்னாடைகளைச் சேர்த்துப் பிடித்து மூக்கில் அழுத்திக்கொண்டு, “ஐயோ, வெளியில விடுங்கோ!” என்றார்.

“இதுதான் வெளி, சாரே” என்றாள் லதீஃபா மைக்கில். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. “உள்ளே எங்க வீடு. என் மகள் இதைத்தான் மூச்சா இழுக்கிறா. ஓடாதீங்க, எதிர்லதான். வந்து ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க, ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.”

யாரும் வரவில்லை. விருது கைமாறாமலே காரின் பின்சீட்டில் தேவராவுக்குத் திரும்பிப் போனது. பக்கத்துக் கிட்டங்கி பூட்டியபடி கிடக்கிறது. சங்கிலிப்பாண்டி எடுத்த வீடியோவைப் பார்க்காத ஆள் கும்பளங்கி வரைக்கும் இல்லை.

இரண்டாம் வாரம் ரமேஷ்பாபுவின் ஆள் வந்தான். ஃபேன்களைப் பாதி குறைக்கிறார்களாம், கோழிகளையும் பாதி குறைக்கிறார்களாம், மறுபடி ஒன்றும் செய்துவிட வேண்டாமாம்.

“பாதியா?” என்றாள் லதீஃபா. அஃப்னா உள்ளே இருமிக்கொண்டிருந்தாள். “மீதிப் பாதிக்கு ஒரு கூட்டம் வைக்கச் சொல்லு. ஆசம்ஸ சொல்ல இங்க ஆள் இருக்கு.”