இருபத்திரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள்

உறுவையாறு நடவுக் குழுவில் இருபத்திரண்டு பெண்கள். அதில் பி.சி.ஏ. படித்தவள் ஜோஸ்பின் ஒருத்திதான். படித்து மூன்று வருஷம் ஆகியும் வேலை வரவில்லை. நாற்றுக்கட்டுதான் கைக்கு வந்தது. முதல் நாள் அவள் நட்ட வரிசையைப் பார்த்து, "இன்னாடி இது, பாம்பு போன தடமா?" என்று கேட்ட மேஸ்திரி ரோசி, இப்போது அவளைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறாள்.

குழுவுக்கு வெப்சைட் வேண்டும் என்று சொன்னவளும் ஜோஸ்பின்தான். சம்பா பருவத்தில் ரோசியின் போன் ஓயாது. ஒரே தேதியை இரண்டு நிலக்காரருக்குச் சொல்லிவிட்டு இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குவாள். சென்னையில் ஒரு கம்பெனி வெப்சைட்டை ரெடிமேடாக விற்றது. ஊரும் பேரும் படமும் போட்டால் போதும், நிலக்காரர்களே தேதி பார்த்துப் பதிந்துகொள்ளலாம். எல்லாரும் பங்கு போட்டு வாங்கினார்கள்.

அதை நடத்துவதற்கு ஒரு பாஸ்வேர்டு. ஜோஸ்பின் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். விருத்தாம்பாள் விடவில்லை.

"அதென்ன, நீ மட்டும் சாவி வச்சிக்கிறது? எல்லாருந்தானே துட்டு போட்டோம்?"

நியாயமான கேள்வி. கூலியில் மேல் கீழ் பார்க்காத குழு அது. மாதா கோயில் வாசலில் உட்கார்ந்து, இருபத்திரண்டு பேர் போனிலும் ஜோஸ்பினே பாஸ்வேர்டு போட்டு உள்ளே விட்டாள். யாருக்கு என்றைக்கு லீவு என்பதை அவரவரே குறித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் எல்லாருக்கும் அதே விளையாட்டு. தெரிந்த நிலக்காரர்களுக்கெல்லாம் ஜோஸ்பின் லிங்கை அனுப்பிவைத்தாள்.

புரட்டாசி பிறந்து பத்து நாள். ஒரு காலையில், முழங்கால் சேற்றில் நிற்கும்போது ஜோஸ்பினுக்கு போன் வந்தது. பாகூர் தையலம்மாள். வருஷா வருஷம் அவர்கள் வீட்டுப் பதினோரு காணியும் இந்தக் குழுவுக்குத்தான். நாலு நாள் வேலை. பருவத்திலேயே பெரிய வேலை.

"இன்னாடி தொழில் நடத்துறீங்க நீங்க?"

"நடவும்மா. இன்னா ஆச்சு?"

"நடவா? உன் லிங்கைத் தொட்டா ஒருத்தி அரைகுறையா வந்து நிக்கிறா. 'உங்க ஏரியாவுல பொண்ணுங்க காத்திருக்காங்க'ன்னு எழுதியிருக்குது. மேல 'நடவுக்கு இருபத்திரண்டு பெண்கள் தயார்'னு நீயே போட்டிருக்கே. எங்க வூட்டு மனுஷன் போன்ல பார்த்தேன். அந்த ஆளை அப்புறம் வச்சிக்கிறேன். நாத்துக்கு இருபத்திநாலு நாளாச்சு. நான் நெல்லிக்குப்பம் ஆளுங்களுக்குச் சொல்லப்போறேன்."

வைத்துவிட்டாள்.

ஜோஸ்பின் கையைத் துடைத்துக்கொண்டு வெப்சைட்டைத் திறந்தாள். பச்சை வயல், குனிந்து நிற்கும் பெண்கள், தேதிக் கட்டங்கள். ஒரு குறையும் இல்லை. ரோசி திறந்தாள். விருத்தாம்பாள் திறந்தாள். வரப்பில் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் திறந்தாள். பச்சை வயல், பச்சை வயல், பச்சை வயல்.

விருத்தாம்பாள் சிரித்துவிட்டாள். "அது நம்ம வெப்சைட்டு இல்லடி. அந்தம்மா வூட்டு சிங்காரவேலு ஐயா வேற எங்கியோ போயி மாட்டிக்கிட்டு, பழிய நம்ம தலையில போடுறாரு!"

வயலே சிரித்தது. அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் ஜோஸ்பின் அந்த மெசேஜை அனுப்பினாள்: "அம்மா, எங்கள் வெப்சைட் நன்றாக இருக்கிறது. உங்கள் வீட்டு போனைப் பாருங்கள்." அனுப்பின பிறகு என்னவோ போலிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கம்பெனிக்கும் போன் போட்டாள். அருள்முருகன் என்று ஒருவன் எடுத்தான். குரலில் தேன் வழிந்தது.

"உங்க போன்ல நல்லா வருதா மேடம்?"

"வருது."

"அப்ப நல்லாதான் மேடம் இருக்கு. அவங்க போன்ல வைரஸ் இருக்கும். ஒரு டிக்கெட் போட்டு வைங்க மேடம்."

டிக்கெட் போட்டாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.'

மறுநாள் நாற்றுக்கட்டு ஏற்றிக்கொண்டு டிராக்டரில் வந்தான் குழந்தைவேல். ஐம்பது வயசு, நாலு பேத்தி. அவன் தங்கச்சி வீட்டு நிலத்துக்கு ஆள் வேண்டுமாம்.

"லிங்கு அனுப்பு ஜோஸ்பினு. தேதி பார்த்துச் சொல்றேன்."

அனுப்பினாள். அவன் தொட்டான். தொட்டவன் அப்படியே நின்றான். அப்புறம் போனைக் கீழே போடாத குறையாக மடியில் சொருகினான்.

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா! நீ அனுப்பினதத்தான் தொட்டேன்!"

"காட்டுண்ணா."

"வேணாம்மா."

"காட்டுண்ணா!"

காட்டினான். தையலம்மாள் சொன்ன அதே பெண். அதே வாசகம். கீழே சிவப்பில் ஒரு பொத்தான். இருபத்திரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை விருத்தாம்பாள் சிரிக்கவில்லை. "என் மருமவன் பார்த்தா இன்னாடி நெனைப்பான்?" என்றாள்.

அதற்குள் ஜோஸ்பினுக்குப் பொறி தட்டிவிட்டது. தன் போனில் பாஸ்வேர்டை விட்டு வெளியே வந்தாள். வெளியாளாக நின்று மறுபடி தொட்டாள். வந்தாள் மகராசி, சிரித்துக்கொண்டு.

சொந்தக்காரன் வந்தால் சாதுவாக நின்று, அந்நியன் வந்தால் முட்டும் மாடு உண்டல்லவா, அந்த ஜாதி. பாஸ்வேர்டோடு வருகிறவர்களுக்குப் பச்சை வயலைக் காட்டும். வெளியாட்களுக்கு மட்டும் வேலையைக் காட்டும். குழுவில் ஒருத்தியாவது வெளியே நின்றிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இருபத்திரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். உள்ளே விட்டவள் அவளே.

"ரோசிக்கா, நான் வூட்டுக்குப் போகணும்."

"போ. உன் வரிசைய நான் பார்த்துக்கிறேன்."

காலேஜில் வாங்கின பழைய லேப்டாப். அது எழுந்து உட்காருவதற்குள் ஒரு சொம்பு கஞ்சி குடித்துவிட்டாள். கம்பெனி கொடுத்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் ஒழுங்காக வரி வரியாக இருந்தது. 'லைசென்ஸ்' என்று பேர் வைத்த ஒன்றில் மட்டும் ஒரே ஒரு வரி. தள்ளத் தள்ள முடியாமல், அர்த்தமில்லாத எழுத்தாக வலது பக்கம் ஓடியது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் இப்படி எழுதமாட்டான்.

மறுபடி அருள்முருகன்.

"அந்த லைசென்ஸ் ஃபைலுக்குள்ள இன்னா சார் வச்சிருக்கீங்க?"

"அதைத் தொடாதீங்க மேடம். தொட்டா சப்போர்ட் கட் ஆயிடும்."

"இப்ப மட்டும் இன்னா சப்போர்ட்டு இருக்குது? உள்ள இன்னா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"டெவலப்பர் டீம்தான் மேடம் பார்க்கணும். எழுபத்திரண்டு மணி நேரம் ஆகும். டிக்கெட் போடுங்க."

எழுபத்திரண்டு மணி நேரத்தில் தையலம்மாளின் நாற்று முற்றிவிடும். ஜோஸ்பின் அந்த ஃபைலை அழித்தாள். வெப்சைட் மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. வயலும் இல்லை, தேதியும் இல்லை. களையைப் பிடுங்கினால் பயிரும் வேரோடு வருகிற மாதிரி செய்து வைத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பெனி கொடுத்தது அத்தனையும் துடைத்துப் போட்டுவிட்டு, காலேஜில் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த மாதிரி தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதினாள். குழுவின் பேர். இருபத்திரண்டு பேர் பேரும். ரோசியின் நம்பர். அவ்வளவுதான். படம்கூட இல்லை. இந்தத் தடவை வெளியே நின்று பார்த்தாள்.

சாயங்காலம் ரோசியும் அவளும் பாகூருக்கு பஸ் ஏறினார்கள். தையலம்மாள் வீட்டு போர்ட்டிகோவில் சிங்காரவேலு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி. அவர் போன் அரிசி டிரம்முக்குள் சிறையில் இருந்தது.

"அம்மா, தப்பு எங்களுது" என்றாள் ஜோஸ்பின். "நாங்க வாங்கினதுலயே கள்ளத்தனம் பண்ணி வித்திருக்காங்க. அது எங்களுக்குக் காட்டாம உங்களுக்கு மட்டும் காட்டியிருக்குது. பார்க்காம உங்க வூட்டு போனைப் பாருங்கன்னு சொன்னேன் பாருங்க, அது அதைவிடத் தப்பு."

தையலம்மாள் அவளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இந்த மனுஷன் ஒண்ணும் பண்ணலியா?"

"ரெண்டு நாளா அதத்தான்டி சொல்றேன்" என்றார் சிங்காரவேலு.

"நீ சும்மா இரு."

டிரம்மிலிருந்து போன் வந்தது. அரிசியைத் தட்டிவிட்டு லிங்கைத் தொட்டாள் தையலம்மாள். இருபத்திரண்டு பெயர்கள் வந்தன. விரலை வைத்துக் கடைசிவரை வாசித்தாள்.

"இதென்ன, ரேஷன் கடை லிஸ்ட்டு மாதிரி."

"அதுவே போதும்னு விட்டுட்டேம்மா."

"அஞ்சு காணி நெல்லிக்குப்பத்துக்காரிங்களுக்குச் சொல்லிட்டேன். சொன்ன சொல்லை மாத்தமாட்டேன். மீதி ஆறு காணி நீங்க எறங்குங்க."

"நாங்க ஒழுங்கா இருந்திருந்தா பதினொண்ணும் எங்களுது" என்றாள் ரோசி. யாரையும் குறை சொல்லும் குரலில் இல்லை. ஆனாலும் ஜோஸ்பின் தரையைப் பார்த்தாள். சிங்காரவேலு போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் டீ போடச் சொன்னார். அந்த வீட்டில் அவர் உத்தரவு போட்டு அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை ஒரே வயலில் இரண்டு குழுவும் இறங்கின. நடுவில் ஒரு வரப்பு. பத்து மணி வாக்கில் ஜோஸ்பினின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், உங்க புகார் தீர்க்கப்பட்டது. எங்க சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீங்க?"

ரோசி குனிந்தபடியே கத்தினாள். "தம்பி, நாத்தோட புல்லக் கலந்து வித்தது நீ. ஆறு காணி இருக்குது. வந்து ஒரு வரிசை நட்டுட்டுப் போ, ஸ்டார் நான் தர்றேன்!"

"டிக்கெட் போடுங்க மேடம்" என்றது போன். வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரிப்பு.

நெல்லிக்குப்பத்து மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு வெப்சைட்டு இருக்குதாமே? எங்க, அனுப்பு பார்ப்போம்."

ஜோஸ்பின் அனுப்பினாள். அந்தப் பொம்பிளை ஈர விரலைப் புடவையில் துடைத்துவிட்டுத் தொட்டாள். இந்தப் பக்கம் இருபத்திரண்டு பேரும் நடவை நிறுத்தினார்கள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஜோஸ்பின், ரோசி, விருத்தாம்பாள்..." என்று அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாத்துக்குடி எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் ஜோஸ்பின். இருபத்திரண்டு முதுகும் ஒன்றாகக் குனிந்தன.