தவிர்க்க வேண்டிய தெரு

கண்ணாடி வெட்டி விற்கிற எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரர் தன் காரில் வழி சொல்லும் பெட்டி ஒன்றை வாங்கி ஒட்டிய நாளிலிருந்து, அந்த வீட்டில் பேச்சு எடுபடுகிற பெண்பிள்ளை ஒருத்திதான். அவள் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறாள். "முந்நூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்" என்று அவள் சொன்னால் மனிதர் மறுபேச்சில்லாமல் திரும்புவார். முப்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கும் அவர் மனைவிக்காக ஒருநாளும் திரும்பியதில்லை.

"நான் சொன்னா நச்சரிப்பாம். அவ சொன்னா வழிகாட்டலாம்," என்று அந்த அக்கா என் ஜன்னலோரம் வந்து அங்கலாய்ப்பாள். நான் ஒன்றும் ஜன்னலோரம் சும்மா நிற்கிறவள் இல்லை. துணி மடிக்கிறவள். அங்கே நின்று மடித்தால்தான் மடிப்பு நேராக விழுகிறது.

அந்தப் பெட்டி வந்ததற்குக் காரணம் ஒரு நீல நிற கேட். இரண்டு தெரு தள்ளி இருக்கும் சம்பந்தி வீட்டு கேட், அதாவது கண்ணாடிக்காரரின் மருமகளைப் பெற்றவர் வீட்டு கேட். சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஆறு மாசத்துக்கு முன்னால் அங்கே விருந்துக்குப் போன கண்ணாடிக்காரர், கிளம்பும்போது ரிவர்ஸ் எடுத்து, கேட்டின் நடுவயிற்றில் ஒரு இடி இடித்துவிட்டார். கேட்டில் ஒரு சோற்றுத்தட்டு அளவுக்குக் குழி. சம்பந்தி அதை அதோடு விட்டிருக்கலாம். அவர் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை.

"நாலாயிரம் பேருக்கு ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன். ஒருத்தர்கூட என் கேட்டைத் தொட்டதில்ல. நம்ம சம்பந்திக்கு மட்டும் தனியா ஒரு வகுப்பு வைக்கணும்போல!"

எல்லாரும் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்தாளாம், அதுதான் அவருக்கு ஆறவில்லை. நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன், பொய் சொல்வானேன். அன்றோடு சம்பந்தியிடம் பேச்சு நின்றது. மறுவாரம் பெட்டி வந்தது. "இனிமே எனக்கு எவனும் ஓட்டச் சொல்லித் தர வேணாம். இந்தம்மா பொய் சொல்ல மாட்டா, கிண்டலும் பண்ண மாட்டா," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

இது இவர்கள் பாடு என்று விட்டுவிடலாம், நடுவில் மருமகள் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால். அவள் முடி திருத்தி அலங்காரம் செய்கிற தொழில்காரி. கெட்டிக்காரி. ஒன்பது வருஷம் அடுத்தவர் கடையில் அடுத்தவர் கண்ணாடி முன்னால் நின்றவள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒரு அழகு நிலையம் திறக்கப் போனாள். புருஷன்காரன் வாரத்தில் ஐந்து நாள் வெளியூர் வேலை. அதனால் சுவருக்கு வண்ணம் அடித்ததிலிருந்து நாற்காலி பூட்டியது வரை அவளே. சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, ஆறடி நீளம், நாலடி உயரம், அது மாமனார் பொறுப்பு. "என் மருமக கடைக்கு என் கையால வெட்டின கண்ணாடி," என்று அவருக்கும் பெருமை தாங்கவில்லை.

முதல் கண்ணாடி பல் டாக்டர் தெருவில் உடைந்தது. இரண்டாவது அச்சகத் தெருவில் உடைந்தது.

ரயில் பாதைப் பக்கம் போக எங்கள் பேட்டையிலிருந்து மூன்று தெருக்கள். அதில் இந்த இரண்டையும் குழாய் பதிக்கிறோம் என்று தோண்டிப்போட்டு இரண்டு மாசம் ஆகிறது. 'சாலை மூடப்பட்டுள்ளது' என்று பலகை வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் இறங்கி, பலகையை மரியாதையாக ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, உள்ளே ஓட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், அந்தம்மா நேராகப் போகச் சொன்னாளாம்.

மூன்றாவது தெரு ஒன்று சுத்தமாக, சுகமாக, திறந்து கிடந்தது. நீல கேட் தெரு.

"அந்த வழியா போனா என்ன அண்ணே?" என்று நானே கேட்டேன்.

"நானா முடிவு பண்றேன்? பெட்டி காட்டலியே," என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கண்ணாடி மொத்தக் கடையில் அந்த அளவில் இன்னும் ஒரே ஒரு கண்ணாடிதான் மிச்சம். அதுவும் போனால் அடுத்த லோடு வர ஒரு மாசம். திறப்பு விழாவோ வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. முதல் ஆளாக வருவது ஒரு கல்யாணப் பெண், தோழிகள் நாலு பேரோடு. மொட்டைச் சுவரைப் பார்த்தால் அந்தக் கூட்டம் நேராகப் பழைய கடைக்குத்தான் திரும்பும். திரும்பினால், 'கண்ணாடியே இல்லாத அழகு நிலையமாம்' என்கிற பேச்சு ஊரெல்லாம் போகும். எனக்குத் தெரியும், நானே நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மருமகள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கண்ணாடி தயாராக இருந்தது. கண்ணாடியைப் படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால், காரின் ஒரு பக்கவாட்டில் இரும்புச் சட்டம் அடித்து அதில் பூட்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்துக் கதவுகள் இரண்டும் திறக்காது. காரில் பாதி கார், பாதி நிலைக்கண்ணாடி. தெருவில் போன பேப்பர்காரர் சைக்கிளை நிறுத்தித் தலை வாரிவிட்டுப் போனார்.

"மாமா, அந்தப் பெட்டியை இப்படிக் குடுங்க," என்றாள் மருமகள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சுதான் ரெண்டு உடைஞ்சுது. குடுங்க மாமா."

கொடுத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கும் கற்றுக்கொள்ள ஆசை இருக்காதா? அவள் படத்தில் பல் டாக்டர் தெருவைத் தேடி, விரலை அதன்மேல் அழுத்திப் பிடித்தாள். 'இந்தச் சாலையைத் தவிர்க்கவா?' என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினாள். அச்சகத் தெருவுக்கும் அதே வைத்தியம். தெரு இரண்டும் சிவப்பாகிவிட்டன. கடை முகவரியைப் போட்டாள்.

பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அந்தம்மா தெளிவாகச் சொன்னாள்: "செல்ல வழி இல்லை."

"அதெப்படி இல்லாம போகும்? எங்கப்பா தெரு இருக்கே," என்றாள் மருமகள்.

கண்ணாடிக்காரர் குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தார். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவள் எங்கெங்கோ தட்டி ஒரு பட்டியலைத் திறந்தாள். தவிர்க்க வேண்டிய சாலைகள். "இப்ப நான் போட்டது ரெண்டு. இங்க மூணு இருக்கே மாமா?"

டயர் ஆராய்ச்சி தீவிரமானது.

மூன்றாவதைத் தொட்டாள். நீல கேட் தெரு, தலை முதல் கால் வரை, சிவப்பு. சேர்த்த தேதியும் பக்கத்தில் இருந்தது. ஆறு மாசத்துக்கு முந்தைய தேதி. பெட்டி வாங்கின அன்றைக்கே மனிதர் செய்த முதல் காரியம்!

"ஏங்க!" என்றாள் அக்கா. "பெட்டி காட்டலன்னு சொன்னது இதத்தானா? நீங்க அடைச்சு வச்ச தெருவை அவ எப்படிங்க காட்டுவா? உங்க வீம்புக்கு ரெண்டு கண்ணாடி பலி!"

மருமகள் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், ஒரு நல்ல சண்டையைப் பார்த்து நாளாகிவிட்டது. அவள் குரல்தான் இறங்கியது.

"மாமா, எனக்கு இது ஒம்பது வருஷம். இந்தக் கண்ணாடி மட்டும் முழுசா வந்து சேரணும். எங்கப்பாகூட நீங்க பேச வேணாம். அந்தத் தெருவுல வண்டி போனா போதும்."

கண்ணாடிக்காரர் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். "எடுத்துடும்மா. வேகமா கடந்துடறேன்."

அவள் அந்தத் தெருவைப் பட்டியலிலிருந்து நீக்கினாள். அதோடு விடாமல் இன்னும் ஏதோ தட்டினாள். "பெட்டி மனசு மாறாம அந்த வழியிலயே போகணும்ல, அதான் நடுவுல ஒரு நிறுத்தம் போட்டிருக்கேன்," என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, கடையைத் திறக்க ஸ்கூட்டரில் முன்னால் பறந்தாள். எங்கே நிறுத்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

எனக்கு அன்று ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவசரமாக ஒரு வேலை முளைத்தது. என்ன வேலை என்று கேட்காதீர்கள். பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். அக்கா ஸ்டியரிங்கைத் தாண்டி உடம்பை நுழைத்து முன் சீட்டுக்குப் போவதற்குள் பத்து நிமிஷம் போயிற்று.

கிளம்பினோம். இரண்டு தெரு மூடியிருந்ததால் ஊர் வண்டியெல்லாம் நீல கேட் தெருவில்தான் ஊர்ந்தது. வேகமாகக் கடப்பதாவது! நத்தை மாதிரி நகர்ந்துகொண்டே கேட்டை நெருங்கினோம். சம்பந்தி வாசலில் டிரைவிங் ஸ்கூல் காருக்கு சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, மூக்கில் நுரை. எங்கள் கண்ணாடி அவர் பக்கம்தான் இருந்தது. தன் எதிரே யாரோ நுரை மூக்கோடு மெதுவாக வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டு, அது தானே என்று தெரிந்ததும் அவசரமாக மூக்கைத் துடைத்தாராம். இதை அவரே பிற்பாடு சொன்னார்.

சரியாக அந்த நேரம் பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது, கணீரென்று: "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."

கண்ணாடிக்காரர் கால் பழக்கத்தில் பிரேக்கை அழுத்திவிட்டது. வண்டி நின்றது. குழி விழுந்த கேட்டுக்கு நேர் எதிரே.

சம்பந்தி சுற்றிக்கொண்டு ஓட்டுகிற பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"யாரு சம்பந்தி அது பேசுனது?"

"பெட்டி," என்றார் கண்ணாடிக்காரர், நேரே பார்த்தபடி. ஆறு மாசத்தில் முதல் வார்த்தை.

"சேர வேண்டிய இடம்னு சொல்லுதே. நம்ம வீடா?"

"தப்பா சொல்லுது."

"இந்தம்மா பொய் சொல்ல மாட்டான்னு ஊரெல்லாம் சொன்னீங்களாமே?"

அதை அவரிடம் போய்ச் சொன்னது யார் என்பது இங்கே முக்கியமில்லை.

அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டது. கண்ணாடிக்காரர் அவளைத் திரும்பி முறைத்தார். முறைக்கும்போதே அவர் வாயும் சிரிப்பில் கோணிக்கொண்டு போய்விட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"மணி ஒம்பதே முக்கால். உங்க பொண்ணு காத்துட்டிருக்கா," என்றார் கடைசியில். "முன்னாடி அந்த வேகத்தடைதான் பயமா இருக்கு சம்பந்தி."

"எப்படி ஏறுவீங்க?"

"சாய்ச்சுத்தான். ஒவ்வொரு சக்கரமா."

"பள்ளத்துலயும் அப்படித்தான் ஏறியிருப்பீங்க, அதான் ரெண்டு போச்சு! சாய்ச்சு ஏறுனா சட்டம் முறுக்கும், கண்ணாடி தாங்குமா? நேரா வாங்க, ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறணும். ஃபர்ஸ்ட் கியர். நான் முன்னாடி போறேன்."

நுரைக் கையை வீசிக்கொண்டு லுங்கியோடு அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் ஊர்ந்தோம். வேகத்தடையில் கார் ஏறி இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு முனகல்கூட இல்லை. அதற்கப்புறம் அவர் பின் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வாய் திறக்கவில்லை, பாவம், கட்டுப்படுத்திக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கால் மட்டும் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

கடை இருந்த சந்தில் ரிவர்ஸில்தான் நுழைய முடியும். கண்ணாடிக்காரர் வண்டியை நிறுத்தினார். பிறகு பின்னால் திரும்பாமலே, "இறங்கிப் பாருங்க சம்பந்தி," என்றார்.

சம்பந்தி இறங்கினார். "வாங்க… வாங்க… ஸ்டியரிங்கை லேசா ஒடிங்க… ஆங், அப்படியே… போதும்!" கடை வாசலில் மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணாடி உடைந்துவிடுமோ என்றா, அப்பா லுங்கியோடு மாமனாருக்கு வழி காட்டுவதைப் பார்த்தா, எனக்கே விளங்கவில்லை.

பத்து ஐம்பதுக்குக் கண்ணாடி சுவரில் ஏறியது. கல்யாணப் பெண் தோழிகளோடு உள்ளே வந்தபோது அதில் விழுந்த முதல் பிம்பம், லுங்கியும் வியர்வையுமாகச் சுவரோரம் நின்ற இரண்டு சம்பந்திகள். "இவங்க ரெண்டு பேரும் யாரு?" என்றாள் பெண். "ஒருத்தர் மாமா, ஒருத்தர் அப்பா. ரெண்டு பேருக்கும் முடி வெட்டணும், ஆனா நீங்கதான் முதல்ல," என்று சொல்லி நாற்காலியைத் திருப்பினாள் எங்கள் மருமகள். பேட்டைப் பிள்ளை, அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

திரும்பி வரும்போது அதே வழி. நீல கேட்டுக்கு நேரே வந்ததும் அந்தம்மா மறுபடி சொன்னாள்: "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."

"அந்த நிறுத்தத்தை இன்னும் எடுக்கலியா?" என்றாள் அக்கா.

"எப்படி எடுக்கறதுன்னு தெரியலியே," என்றார் கண்ணாடிக்காரர், வண்டியை ஓரங்கட்டிக்கொண்டே.

ஆறு மாசத்துக்கு முன்னால் யாரும் சொல்லித்தராமல் ஒரு தெருவையே தேடிப் பிடித்து அடைக்கத் தெரிந்தவருக்கு, ஒரு நிறுத்தத்தை நீக்கத் தெரியவில்லையாம். நானும் நம்பினேன். நம்பிவிட்டு அவர்களோடு இறங்கி உள்ளே போனேன். வீட்டில் மடிக்கத் துணி கிடந்தது, கிடக்கட்டும்.